கையில் கொடுக்காத மிளகாய்

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணிக்குள் நவமணி மிளகாய் பறித்து முடித்துவிடுவாள். பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன், காம்போடு பறிக்க வேண்டும். காம்பு போன மிளகாய் மூன்று நாள்கூடத் தாங்காது. அன்றைக்கு எட்டரை ஆகியும் கூடை பாதிகூட நிறையவில்லை. காரணம், அவள் கணவர் கார்த்திகேசு. காலையிலிருந்து மூன்று முறை பின்வாசலில் வந்து நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போயிருந்தார். மூன்று முறையும் கைப்பேசி கையிலேயே இருந்தது.

"என்னங்க வேணும்? சொல்லிட்டுத்தான் போங்களேன்."

"ஒன்னுமில்ல. கோப்பி இருக்கான்னு பாத்தேன்."

கோப்பி மேசைமேல் ஆறிக்கொண்டிருந்தது. அது இருவருக்குமே தெரியும். நவமணி மேலே கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவளுக்கு, கேட்டால் மூடிக்கொள்ளும் வாய் எது, விட்டுவிட்டால் தானாகத் திறக்கும் வாய் எது என்று தெரியாதா?

புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் அவர்களுடையது கடைசி வரிசை வீடு. பின்சந்தில், சாக்கடையை ஒட்டி, நாற்பத்திரண்டு கறுப்புப் பைகளில் மிளகாய்ச் செடிகள். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு சுங்கை பஞ்சாங்கிலிருந்து வரும் கருக்கிய உமி, ஒரு பங்கு வீட்டுத் தொட்டியில் மக்கிய குப்பை. வாரம் இருமுறை மீன் கழுவிய தண்ணீர். முதல் கவட்டையில் வரும் முதல் பூவைக் கிள்ளிவிட வேண்டும். இலை சுருண்டால் இரக்கம் பார்க்காமல் செடியையே பிடுங்கிவிட வேண்டும். இப்படி எல்லாவற்றுக்கும் நவமணியிடம் ஒரு முறை உண்டு. காய்த்ததை அவள் விற்பதில்லை. பழைய நாளிதழில் பொட்டலம் கட்டி, மேலே பேனாவால் பெயர் எழுதி, வீடு வீடாகக் கொடுத்துவிடுவாள். மூலைவீட்டு மலாய்க்கார காக் ரோஸுக்குச் சிலி பாடி என்கிற ஊசி மிளகாய், எதிர்வீட்டுச் சீனப் பெண் ஆ மோய்க்கு நீட்டு மிளகாய், கோயில் மடப்பள்ளிக்கு ஒரு கிலோ. தாமானில் மிளகாய்க்கார அக்கா என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

அடுத்த வீட்டு மாலா தன் பொட்டலத்தை வாங்க வந்தாள். நவமணி அதை அவள் கையில் கொடுத்தாள். மாலா வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"ஏங்க்கா, தனுஜா வளகாப்புக்கு என்ன கலர் சேல எடுத்தீங்க? கார்டுல பச்சைன்னு போட்டிருக்கு லா. என்கிட்ட ஒன்னு இருக்கு, ஆனா ஜாக்கெட் பத்தாது."

நவமணியின் கை கூடைக்குள்ளேயே நின்றுவிட்டது.

தனுஜா, கணவரின் தம்பி புவனேசனின் மனைவி. ஏழாவது மாதம். வளைகாப்பு வைப்பார்கள் என்று தெரியும். ஆனால் தேதி குறித்தாயிற்று, அழைப்பு அடித்தாயிற்று, அது அடுத்த வீட்டுவரை வந்துவிட்டது என்பதெல்லாம் அந்த நிமிடத்தில்தான் தெரிந்தது. இருந்தும் அவள் நிமிர்ந்து, முகம் மாறாமல் சொன்னாள்.

"பச்சைதான் எடுத்திருக்கேன்."

"வர்ற ஞாயித்துக்கிழமதானே? பத்து மணிக்கு. நம்ம எல்லாம் ஒரே காடில போயிருவோம்க்கா."

மாலா போன பிறகு நவமணி திரும்பிப் பார்த்தாள். பின்வாசலில் கார்த்திகேசு தலையைக் குனிந்து நின்றிருந்தார். அவரிடமிருந்து விஷயம் துண்டு துண்டாக வந்தது. அழைப்பு புதன்கிழமையே அவர் கைப்பேசிக்கு வந்துவிட்டது. வியாழன் இரவு புவனேசன் போன் செய்தான். அண்ணி வரவேண்டாம் என்கிறாள் தனுஜா, காரணம் கேட்டால் அழுகிறாளே தவிரச் சொல்லமாட்டேன் என்கிறாள், நீ மட்டும் வா அண்ணே என்றான். சொல்லும்போது அவனும் அழுதானாம்.

"அவன் அழுதான். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க. நாலு நாளா நான் ஆக்கிப் போட்ட சோத்தத் தின்னுக்கிட்டு, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க..."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல மணி."

"எனக்குத் தெரியும், நான் சொல்றேன். மலடி கையால மொத வளையல் போடக்கூடாது. அதானே?"

கார்த்திகேசு அப்படி இல்லை என்று தலையாட்டினார்.

நவமணி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கைகழுவக்கூட இல்லை. இத்தனை வருடத்துக் கணக்கு அவள் முன்னால் வரிசையாக வந்து நின்றது. அவள் மறக்கக்கூடியவள் அல்ல. கடிதம் எழுதுவதைப் போல, முதலாவது, இரண்டாவது என்று எண்ணியே நினைக்கிறவள்.

முதலாவது, மாமியார் இறந்தபோது புவனேசனுக்கு ஆறு வயது. நவமணி கல்யாணமாகி வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவனுக்குத் தலைவாரிவிட்டவள், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவள், பரீட்சை முடியும்வரை வாசலில் நின்றவள் அவள்தான். இரண்டாவது, அந்த வருடமே அவனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. நவமணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். பதினோரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் பாய்கூட இல்லாமல் படுத்தாள். பையன் பிழைத்து வீட்டுக்கு வந்தான். வயிற்றிலிருந்தது நிற்கவில்லை. அதற்குப் பிறகு எதுவும் நிற்கவே இல்லை. இதைப் புவனேசனிடம் இன்றுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று கணவரிடம் அவள் வாங்கிய சத்தியம்.

மூன்றாவது, இந்தக் கல்யாணம். ரவாங் தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் பெண் என்று புவனேசன் படம் காட்டியபோது, அவள் கேட்ட முதல் கேள்வி, எந்தத் தோட்டம் என்பது. நம்ம தோட்டம்தான் அண்ணி, குமுதா என்று ஒருத்தர் இருந்தாங்களே, அவங்க மகள் என்றான் அவன். ஆறாவது லயமா என்று கேட்டாள் நவமணி.

அவர்களுடைய பழைய தோட்டத்தில் யாரும் சாதிப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. குடியிருந்த லயத்தின், அந்த வரிசை வீடுகளின், எண்ணைச் சொன்னால் போதும். ஆறாவது லயம் கடைசியில், கக்கூசை ஒட்டி இருந்தது. அங்கே எந்த ஆள்களைக் குடிவைத்திருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். புவனேசன் முகம் சுருங்கிவிட்டது. ஒரு வாரம் கழித்து நவமணியே சரி என்றாள். சரி என்றதை அவள் தன் தியாகங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டாள். அது எப்படிப்பட்ட கணக்கு என்று அந்தக் காலைவரை அவள் யோசித்ததில்லை.

கட்டிலிலிருந்து எழுந்தாள். "காடிய எடுங்க," என்றாள் கணவரிடம். "நான் சண்ட போடப் போகல. காரணத்த அவ வாயால கேட்டுட்டு வந்திடுறேன். அதுக்கப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்."

போகும்போது ஒரு பொட்டலம் மிளகாயும் எடுத்துக்கொண்டாள். வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லை.

புவனேசன் குடிபோயிருந்த புஞ்சாக் ஆலாமுக்குக் காரில் அரை மணி நேரப் பயணம். நவமணி வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தாள். நான்காம் மாடிக்கு ஏறியபோது எல்லாம் மனப்பாடமாகியிருந்தது.

தனுஜா கதவைத் திறந்தாள். முகம் வீங்கி, கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புவனேசன் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டுக்குப் போயிருந்தான். சமையலறையில் தனுஜாவின் அம்மா குமுதா ஏதோ கிண்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. வெல்லப்பாகின் வாசம் வீடு முழுக்க இருந்தது. நவமணி உள்ளே வந்ததும் பழக்கத்தில் பொட்டலத்தைக் கதவருகே, காலணி வைக்கும் சப்பாத்து அலமாரியின்மேல் வைத்தாள்.

தனுஜா அந்தப் பொட்டலத்தையே பார்த்தாள்.

"இங்கயும் அப்படித்தானாக்கா?"

"எப்படி?"

"என் கையில குடுத்தா என்ன ஆயிடும்?"

மனப்பாடம் செய்து வந்தது எதுவும் நவமணிக்கு உதவவில்லை. இப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. தனுஜாவுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் நிறுத்தவில்லை.

"ரெண்டு வருசம் உங்க வரிசையிலதானே குடியிருந்தோம். நூறு ஞாயித்துக்கிழம இருக்கும். மாலாக்காவுக்குக் கையில குடுப்பீங்க. காக் ரோஸுக்குக் கையில குடுத்து, கன்னத்த வேற கிள்ளுவீங்க. எனக்கு மட்டும் கேட்டுச் சுவத்து மேல வெச்சிட்டு, தனு எடுத்துக்கன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. நாய்க்கு வைக்கிற மாதிரி."

நவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே வந்தது. இவ்வளவுதானா என்கிற சிரிப்பு.

"அட பைத்தியக்காரி. மிளகாயும் உப்பும் சொந்தக்காரங்க கையில குடுக்கக் கூடாதும்மா. குடுத்தா சண்ட வரும். வெளியாளுக்குக் குடுத்தா என்ன வந்தா என்ன. காக் ரோஸோட எனக்கு என்ன சண்ட வரப் போவுது?"

கார்த்திகேசுக்கும் உயிர் வந்தது. இத்தனை வருடத்தில் தன் கையில்கூட ஒரு மிளகாயை அவள் கொடுத்ததில்லை, சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்தில்தான் வைப்பாள் என்று அவர் சாட்சி சொன்னார். சமையலறையிலிருந்து குமுதாவும் குரல் கொடுத்தாள். ஆமாம், தன் அம்மாவும் அப்படித்தான் செய்வாள். தோட்டத்தை விட்டு ரவாங்குக்கு வந்து, தொழிற்சாலையே கதி என்று கிடந்ததில் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க எங்கே நேரம் இருந்தது என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

தனுஜா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு உண்மையிலேயே அது தெரியாது. முகத்தில் அது தெரிந்தது.

அத்தோடு விட்டிருந்தால் நவமணி ஜெயித்தவளாகவே வீட்டுக்குத் திரும்பியிருப்பாள். ஆனால் அவள் விடவில்லை. ஜெயித்த பிறகு இன்னும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாத சுபாவம் அவளுக்கு.

"இதுக்காம்மா என்னைய ஒதுக்கி வெச்ச? ஊருக்கெல்லாம் கார்டு போகுது. வளத்தவளுக்கு இல்ல. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மலடின்னு ஒதுக்கிட்டேன்னு நெனச்சேன். கையக்கூடக் கழுவாம கட்டில்ல உக்காந்திருந்தேன்..."

"அக்கா," என்றாள் தனுஜா. "அந்த வார்த்தய எங்க பெரியம்மாதான் சொன்னாங்க. புள்ள பெத்தவங்கதான் வளையல் போடணும்னு. நான் அவங்ககூட ஒரு மாசம் பேசாம இருந்தேன். புவனுக்கு அம்மான்னா அது நீங்கதான். எனக்கு அதுல சந்தேகமே இல்ல."

அவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரிக்கா. மிளகாய்க்குச் சாங்கியம் இருக்கு. எனக்குத் தெரியல, தப்பு என்னுதுதான். அதிரசத்துக்கு என்ன சாங்கியம்?"

நவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போன தீபாவளிக்கு எங்கம்மா செஞ்சு குடுத்துவிட்டாங்களே. எவர்சில்வர் தூக்குல. பதினாறு அதிரசம். ரெண்டு நாள் கழிச்சு, வாடின செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி புவன் என்னைய அனுப்புனாரு. உரம் அள்ளிப் போடலாம்னு உங்க குப்பத் தொட்டியத் தெறந்தேன். மேல வாழத்தோலு. அதுக்குக் கீழ பதினாறும் அப்படியே இருந்துச்சு. ஒன்னுகூடக் கடிச்சிருக்கல. எறும்பு மொச்சுக்கிட்டு இருந்துச்சு. எண்ணினேங்க்கா. ஏன் எண்ணினேன்னு தெரியல."

"எண்ணெ... சிக்கு வாடை அடிச்ச மாதிரி..." என்று நவமணி ஆரம்பித்தாள்.

சிக்கு வாடை எதுவும் இல்லை. நெய் வாசம்தான் அடித்தது. தூக்கின் மூடியைத் திறந்த அந்த நிமிடம் அவளுக்கு இப்போதும் அப்படியே நினைவிருந்தது. ஒன்றை எடுத்தாள். வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். ஆறாவது லயத்து அடுப்பு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. தானாகவே அதைத் திரும்ப வைத்தாள். பிறகு பின்சந்துக்குப் போனாள். அது அசிங்கம் என்று அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் வாழைத்தோலைப் போட்டு மூடுவானேன்?

மிளகாய் நறுக்கிய கை உடனே எரியாது. வேலை முடிந்து, கழுவித் துடைத்து, மறந்துபோன பிறகுதான் எரியத் தொடங்கும். நவமணிக்கு முகம், காது, கழுத்து எல்லாம் எரிந்தது.

"வளையல் போடணும்னா கையப் பிடிக்கணும்," என்றாள் தனுஜா. இப்போது அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க பிடிப்பீங்க. நாலு பேர் முன்னாடி நல்லாவே பிடிப்பீங்க. அப்புறம் சாப்பாட்டு நேரத்துல தல வலிக்குதுன்னு சொல்லிட்டுக் கெளம்புவீங்க. எங்கம்மா எலையப் போட்டுட்டு உங்களத் தேடிக்கிட்டு இருப்பாங்க. எங்கம்மா மூஞ்சிய அன்னிக்கு நான் பாக்கணுமாக்கா? அதான் வேணாம்னேன். புவன்கிட்ட எப்படிச் சொல்றது? உங்க அம்மா எங்க அம்மா செஞ்சதக் குப்பையில போட்டாங்கன்னா? அவரு ஒடஞ்சிருவாரு."

கார்த்திகேசுக்குப் பொறுக்கவில்லை. மனைவி இப்படிக் குனிந்து நிற்பதை அவர் பார்த்ததே இல்லை. "தனு, அவ செஞ்சது தப்பும்மா. ஆனா அவளுக்கு ஏன் புள்ள இல்லாமப் போச்சுன்னு தெரியுமா உனக்கு? அன்னிக்கு ஆஸ்பத்திரியில..."

"என்னங்க. வேணாம்."

"சொல்லிடுறேன் மணி."

"வேணாங்குறேன். அத இதுக்கு எடுத்துக் குடுக்காதீங்க."

இருபத்தெட்டு வருடம் மனத்துக்குள் பொத்தி வைத்திருந்த ஒன்று. அதை இன்றைக்கு எடுத்து நீட்டினால் இந்தப் பெண் இளகிவிடுவாள், அழுவாள், காலில்கூட விழுவாள். அது நவமணிக்குத் தெரியும். தெரிந்ததாலேயே கூசியது.

அப்போது குமுதா தேநீர்த் தட்டோடு வந்தாள். ஒல்லியான பெண்மணி, நெற்றி முழுக்க வியர்வை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு நவமணியைப் பார்த்துச் சிரித்தாள்.

"வளகாப்புக்கு அதிரச மாவு கிண்டுறேங்க. இந்தத் தடவ பாகு நல்ல பதத்துல வந்திருக்கு. போன தீபாவளிக்குச் செஞ்சது கொஞ்சம் கெட்டிதான். ஆனா நீங்க உக்காந்த எடத்துல நாலு சாப்பிட்டீங்கன்னு தனு சொன்னுச்சு. எனக்கு அவ்ளோ சந்தோசம்."

நவமணி திரும்பித் தனுஜாவைப் பார்த்தாள். அந்தக் கண்களில் இப்போது குற்றச்சாட்டு இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் அக்கா, ஒரு வார்த்தைதானே, எங்கம்மாவுக்காகச் சொல்லிவிடுங்களேன் என்கிற கெஞ்சல்.

தியாகம் என்றால் அது தன் சொத்து என்று நவமணி இத்தனை காலமும் நினைத்திருந்தாள். இங்கே ஒருத்தி, தன் அம்மாவை அவமதித்தவளுக்கு அந்த அம்மாவிடமே நல்ல பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வருடம் ஒன்று ஆகப் போகிறது. ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. அவளுக்குப் பட்டம் கொடுக்க யாரும் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஆமாம் என்று சொல்ல நவமணி வாயெடுத்தாள். வேறு வார்த்தைதான் வந்தது.

"நான் சாப்பிடல குமுதா. ஒன்னுகூடச் சாப்பிடல. எல்லாத்தையும் குப்பையில போட்டேன். தனு எனக்காகப் பொய் சொல்லியிருக்கு."

"அக்கா..." என்று எழப்பார்த்தாள் தனுஜா. முடியவில்லை.

குமுதாவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. எங்கே போவது என்று தெரியாததுபோல அது கொஞ்ச நேரம் அவள் முகத்தில் நின்றது. பிறகு அவள் தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"தெரியுங்க," என்றாள்.

கடைசிக் கோப்பையையும் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தூக்கு காலியா வந்துச்சு. நல்லாக் கழுவித் தொடச்சு, காலியா வந்துச்சு. மனசார வாங்கித் தின்ன வீட்லேர்ந்து ஏனம் காலியா வராதுங்க. ஒரு பிடி சீனியாவது போட்டு வரும். ஒன்னும் இல்லாட்டி நாலு மிளகாயாவது. உங்க வீட்டுல மிளகாய்க்கா பஞ்சம்? அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். இவ வந்து நாலு சாப்பிட்டாங்கன்னு சொன்னா. சரி, என் மனசு நோகக் கூடாதுன்னு புள்ள சொல்லுது, நாமளும் நம்புன மாதிரி இருந்துட்டுப் போவோம்னு தலையாட்டினேன்."

"ம்மா," என்றாள் தனுஜா. முகத்தை மூடிக்கொண்டாள். குமுதா போய் மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா தெரிந்துகொண்டு மகளிடம் மறைத்திருக்கிறாள். மகள் அதை அம்மாவிடம் மறைத்திருக்கிறாள். இருவரும் மறைத்தது ஒரே குப்பையை. அதைப் போட்டவள் நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவும் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை.

"அந்த லயத்த இடிச்சுத் தள்ளிச் செம்பன நட்டுட்டாங்க," என்றாள் நவமணி. "நான்தான் இன்னும் நம்பரு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். மன்னிச்சிருன்னு கேக்கக்கூட வெக்கமா இருக்கு குமுதா. வளகாப்புக்கு ஏன் கூப்பிடலன்னு சத்தம் போடத்தான் வந்தேன். இப்பக் கேக்கல. நான் வரல. நல்லபடியா நடக்கட்டும்."

கும்பிட்டாள். குமுதா பதறி, என்னங்க இது என்று அந்தக் கைகளைப் பிடிக்க வந்தாள். அதற்குள் நவமணி வாசலுக்கு வந்துவிட்டாள். இரண்டு படி இறங்கியிருப்பாள். மேலே கதவருகில் தனுஜா வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"அக்கா. நில்லுங்க."

நவமணி நின்றாள். திரும்பவில்லை.

"மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்ல எனக்கு வரல. நாளாகும். எவ்வளவு நாள்னு எனக்கே தெரியாது. ஆனா ஞாயித்துக்கிழம வாங்க. மொத வளையல் எங்கம்மா போடுவாங்க. ரெண்டாவது நீங்க. அதுக்கு ஒத்துக்குவீங்கன்னா வாங்க."

நவமணி தலையை மட்டும் அசைத்தாள். ஒத்துக்கொள்வதாவது. கடைசி வளையல் என்றிருந்தாலும் அவள் வந்திருப்பாள்.

திரும்பும் வழியில் காடி ஈஜோக்கைத் தாண்டியது. கார்த்திகேசு சாலையைப் பார்த்தபடியே, அன்றைக்குத் தொட்டியில் கிடந்ததைத் தானும் பார்த்ததாகச் சொன்னார்.

"பாத்துட்டா பேசாம இருந்தீங்க?"

"கேட்டா சண்ட வரும்னு விட்டுட்டேன்."

ஒரு சண்டை வந்திருக்கலாமே என்று நவமணி நினைத்தாள். வந்திருந்தால் அன்றைக்கே இந்த முகம் கொஞ்சம் எரிந்து ஆறியிருக்கும். ஆனால் அவரைத் திட்ட அவளுக்கு அன்று வாயில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, புக்கிட் ரோத்தான் வரும்வரை அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அடுக்குமாடிக்குக் கீழே இருந்த டேவான் மண்டபம் நிறைந்துவிட்டது. மாலா முதல் வரிசையில் இடம்பிடித்துக் கூப்பிட்டும் நவமணி போகவில்லை. தூண் ஓரமாக நின்றாள். புவனேசன் வந்து, "வந்துட்டீங்களா அண்ணி," என்று கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவன் மகிழ்ச்சியைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த அதிரசத்தைப் பற்றி அவனுக்குச் சொல்லும் நாள் ஒன்று வரும், அதைச் சொல்ல வேண்டியவள் தனுஜா அல்ல, தான்தான் என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

குமுதா முதல் வளையலைப் போட்டாள். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மகளின் கன்னத்தைத் தடவினாள். பிறகு தனுஜா நிமிர்ந்து கூட்டத்தில் தேடினாள். நவமணி தூணைப் பிடித்தபடியே நின்றாள். கார்த்திகேசு முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினார்.

அவள் மணையருகே உட்கார்ந்து பச்சைக் கண்ணாடி வளையலை எடுத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தனுஜாவின் பெரியம்மா. பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். பிள்ளை பெறாத கையை யார் ரெண்டாவதாகக் கூப்பிட்டது, யார் அந்தம்மா என்று.

டேவானில் எல்லாத் தலைகளும் திரும்பின. போன வாரம் இதைக் கேட்டிருந்தால் எழுந்து பத்து வார்த்தை பேசியிருப்பாள். இன்றைக்குப் பேசும் உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

குமுதா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல், திரும்பியும் பார்க்காமல் சொன்னாள்.

"அவங்க எங்க சம்பந்தியம்மா. என் மருமகன வளத்துக் குடுத்தவங்க."

சம்பந்தி. கல்யாணமான நாளிலிருந்து குமுதாவை நவமணி ஒரு முறைகூட அப்படி அழைத்ததில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள், பழைய தோட்டத்தில் கூப்பிட்டதைப் போலவே. அந்தச் சொல்லில் இரண்டு வீடும் சரிசமம். அதனால்தான் அவள் வாயில் அது வரவே இல்லை. இப்போது அந்தச் சொல்லை இத்தனை பேருக்கு முன்னால், கேட்காமலே, அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மலடி என்ற பேச்சு அதற்குமேல் எழவில்லை. பெரியம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடங்கிப் போனாள்.

நவமணியால் நிமிர முடியவில்லை. தனுஜாவின் கை வீங்கியிருந்தது. வளையல் கட்டைவிரல் கணுவில் சிக்கிக்கொண்டது. அழுத்தினால் உடைந்துவிடுமோ, வலிக்குமோ என்று பயந்து அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். கண்ணீர் சந்தனத்தின்மேல் விழுந்து வழிந்தது.

"பயப்படாதீங்கக்கா," என்றாள் தனுஜா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக் கொடுத்தாள். "இப்பத் தள்ளுங்க. போயிடும்."